வேன் போய்விட்டது, நான் மலையில் இருந்தேன்

கடந்த ஒக்டோபரில் ஒரு ஞாயிற்றுக்கிழமை பின்னேரம், ஹட்டனுக்கு அப்பால் ஒரு மலைச்சரிவில், மானாப் புல்லுக்குள் கால் வீங்கிப்போய் நான் தனியாக உட்கார்ந்திருந்தேன். என்னோடு கொழும்பிலிருந்து வந்த 33 பேரும் அந்த நேரம் இரண்டு வேன்களில் ஏறி வீட்டுக்குப் புறப்பட்டுக்கொண்டிருந்தார்கள். நான் இல்லை என்பது ஒருவருக்கும் தெரியவில்லை. இதை எழுத இவ்வளவு மாதம் எடுத்ததற்குக் காரணம் வெட்கமும் கோபமும்தான். இப்போது எங்கள் அலுவலகத்திலேயே இரண்டு பிள்ளைகள் "அக்கா, நாங்களும் ஹைக்கிங் போகப் போறம், எந்தக் குழு நல்லது?" என்று கேட்கிறார்கள். எனக்கு யாரும் முன்கூட்டிச் சொல்லாத விஷயங்களை அவர்களுக்காவது சொல்லிவைக்க வேண்டும் என்றுதான் எழுதுகிறேன். மலையின் பெயரையும் குழுவின் பெயரையும் எழுதவில்லை. ஒன்றைச் சொன்னால் மற்றது தெரிந்துவிடும்.

நான் வெள்ளவத்தையில் அம்மாவோடு இருக்கிறேன், கொள்ளுப்பிட்டியில் ஒரு கணக்கு வேலை. நாள் முழுக்கக் கதிரையில் இருந்து முதுகு பிடித்துப்போய், 38 வயதில் உடம்பை அசைக்க வேண்டும் என்று தோன்றியபோது ஒரு தோழி அந்தக் குழுவின் வட்ஸ்அப் இணைப்பை அனுப்பினாள். ஆளுக்கு 6,500 ரூபாய், வேன், காலைச் சாப்பாடு, மதியப் பார்சல் எல்லாம் சேர்த்து. படங்கள் அழகாக இருந்தன. காசை அனுப்பினேன். தோழிக்குக் கடைசி நேரத்தில் காய்ச்சல் வந்துவிட்டது. கட்டின காசு திரும்ப வராது என்றார்கள், சரி, நான் மட்டும் போனேன். இங்கேதான் முதல் பிழை. தனியாகப் போனது பிழை என்று சொல்லவில்லை. உங்களைத் தேடக்கூடிய ஓர் ஆள்கூட அந்தக் கூட்டத்தில் இல்லாமல் போவதுதான் பிழை. தெரிந்தவர் இல்லையென்றால் வேனில் பக்கத்தில் இருப்பவரோடு கதைத்து, "இறங்கி வரும்போது நான் உங்களைப் பார்ப்பேன், நீங்கள் என்னைப் பாருங்கள்" என்று ஒரு பேச்சு வைத்துக்கொள்ளுங்கள். அந்த ஒரு வாய்வார்த்தை இருந்திருந்தால் என் கதை வேறு.

பம்பலப்பிட்டியில் இருந்து அதிகாலை 2 மணிக்குப் புறப்படுவதாக இருந்தது. இரண்டு பேர் பிந்தினார்கள், மூன்று மணியாகிவிட்டது. ஹட்டனில் சாப்பிட்டு, தோட்டத்துக்குள் போய் மலை ஏறத் தொடங்கும்போது 8.45. கொழும்பில் இருக்கும் எங்களுக்கு இந்தப் பிந்துதல் பெரிய விஷயமாகத் தெரியாது, மலையில் அது பெரிய விஷயம். ஒக்டோபர், நவம்பர் மாதங்களிலும் மார்ச், ஏப்ரலிலும் மலைநாட்டில் காலை வெளிச்சமாக இருக்கும், மத்தியானத்துக்குப் பிறகு இடியும் மழையும் வரும். அந்த மாதங்களில் மதியத்துக்குள் உச்சியை விட்டு இறங்கத் தொடங்கிவிட வேண்டும். நாங்கள் உச்சிக்குப் போனதே 12.30க்கு. அங்கே ஒரு மணித்தியாலம் படம் எடுத்தார்கள். நானும் எடுத்தேன். தூரத்தில் கருத்துக்கொண்டு வந்த மேகத்தை நான் பார்த்தேன், வழிகாட்டியும் பார்த்திருப்பார், ஆனாலும் "திரும்புகிற நேரம் இத்தனை மணி" என்று யாரும் முதலிலேயே முடிவு செய்துவைக்காததால் போவோமா என்று கேட்க எனக்கு வாய் வரவில்லை.

இறங்கத் தொடங்கி கால் மணித்தியாலத்தில் மழை. வழிகாட்டி முன்னுக்கு வேகமாகப் போனார். கூட்டம் நூல் மாதிரி நீண்டது. நான் கடைசியில் இருந்தேன், ஏனென்றால் இறக்கத்தில் என் முழங்கால் நோகும். ஓரிடத்தில் காலுறைக்கு மேலே அட்டைகள் ஏறியிருந்ததைப் பார்த்துப் பயந்துபோய் நின்று, ஒவ்வொன்றாகப் பிடித்து இழுத்தேன். (இழுக்கக் கூடாது. தோலோடு ஒட்டியிருக்கிற வாயை நகத்தால் பக்கவாட்டில் தள்ளிவிட்டாலே கழன்றுவிடும், இழுத்தால் காயம் பெரிதாகும். முழங்கால்வரை வருகிற அட்டைக் காலுறை போட்டால் பாதிப் பிரச்சினை இல்லை.) நான் நிமிர்ந்தபோது முன்னால் ஒருவரும் இல்லை. மூன்று நிமிடம்கூட இருக்காது.

வேகமாக நடந்தால் பிடித்துவிடலாம் என்று நினைத்தேன். கொஞ்சத் தூரத்தில் பைன் மரங்கள், அங்கே பாதை இரண்டாகப் பிரிந்தது. இடதுபக்கம் புல் மூடிய ஒடுக்கமான பாதை. வலதுபக்கம் அகலமாக, மண் தெரிய, நேராகக் கீழே போகிற பாதை. காலையில் புறப்படுமுன் வழிகாட்டி சிங்களத்தில் வேகமாகச் சொன்ன விளக்கத்தில் "பைன்" என்ற சொல் எனக்குக் கேட்டது, அதற்கு "வமட" (இடதுபக்கம்) என்றாரா "தகுணட" (வலதுபக்கம்) என்றாரா என்பது பிடிபடவில்லை. என் சிங்களம் கடைக்கும் அலுவலகத்துக்கும் போதும், அவ்வளவுதான். அந்த நேரம் கையை உயர்த்தி இன்னொரு தரம் சொல்லுங்கள் என்று கேட்டிருக்கலாம். 33 பேருக்கு முன்னால் கேட்கக் கூச்சமாக இருந்தது. நம்மில் பலருக்கு இந்தக் கூச்சம் இருக்கிறது, எனக்குத் தெரியும். தயவுசெய்து கேளுங்கள். இடதா வலதா என்று கையால் காட்டச் சொல்லியாவது கேளுங்கள்.

அகலமான பாதைதான் ஆட்கள் போகிற பாதை என்று வலதுபக்கம் இறங்கினேன். அது பாதையே இல்லை என்பது பல மாதம் கழித்துத்தான் எனக்கு விளங்கியது, அதைப் பிறகு சொல்கிறேன். இருபது நிமிடம் இறங்கியிருப்பேன். களிமண்ணில் வலதுகால் வழுக்கி, கணுக்கால் உள்ளுக்கு மடங்கி, ஒரு சத்தம் கேட்டது. எழும்ப முடியவில்லை. நேரம் 2.40. போனில் 11 சதவீதம் பற்றரி, சிக்னல் இல்லை.

அதற்குப் பிறகான நாலு மணித்தியாலத்தை நான் நேராக எழுதப் பார்க்கிறேன். முதலில் கத்தினேன். "யாராவது இருக்கிறீங்களா" என்று தமிழில், பிறகு சிங்களத்தில், தொண்டை கட்டும் வரைக்கும். மழைச் சத்தத்தில் எனக்கே என் குரல் கேட்கவில்லை. பிறகு அழுதேன். பிறகு ஊர்ந்து ஊர்ந்து இன்னும் கீழே போகப் பார்த்தேன், ஏனென்றால் கீழே போனால் ஆட்கள் இருப்பார்கள் என்று மனம் சொன்னது. ஐந்தாறு யார் போனதும் அந்தப் பள்ளத்தில் தண்ணீர் ஓடத் தொடங்கியது, கீழே எங்கேயோ விழுகிற சத்தமும் கேட்டது. அங்கேயே நின்றுவிட்டேன். அது எனக்குத் தெரிந்து செய்த காரியம் இல்லை, பயத்தில் நின்றது. பிறகு அனுபவசாலிகள் சொன்னார்கள், மலைநாட்டில் வழி தவறியவர்கள் ஓடையோடு இறங்குவதால்தான் பாறை விளிம்பிலோ நீர்வீழ்ச்சித் தலையிலோ போய் மாட்டுகிறார்கள் என்று. நடக்க முடிந்தால் கடைசியாகச் சரியான பாதையில் நின்ற இடத்துக்குத் திரும்புங்கள். முடியாவிட்டால் தண்ணீர் வராத ஒரு மேட்டில் அசையாமல் இருங்கள்.

குளிர்தான் என்னை உண்மையாகப் பயமுறுத்தியது. 700 ரூபாய் மழைக்கோட்டு தோளில் கிழிந்துவிட்டது, உள்ளே பருத்தி டீசேர்ட், நனைந்தால் காயவே காயாது. பல் கிட்டியது. அந்தப் பகுதித் தேயிலை மலைகளில் சிறுத்தை இருக்கிறது என்பது எல்லோருக்கும் தெரியும், புல் அசைகிற ஒவ்வொரு தரமும் நெஞ்சு நின்று அடித்தது. அம்மா என்ன செய்வார் என்று நினைத்தேன். வீட்டில் நான் சொல்லிவிட்டு வந்தது "ஹட்டன் பக்கம் போறன், இரவு வந்திடுவன்" என்பது மட்டும்தான். எந்தத் தோட்டம், யாருடைய குழு, யாருடைய நம்பர், ஒன்றும் எழுதிவைக்கவில்லை.

விசில் இல்லை. ஆனால் ஸ்டீல் தண்ணீர்ப் போத்தல் இருந்தது. அதைப் பாறையில் மூன்று தரம் தட்டுவது, கொஞ்சம் பொறுத்து மறுபடி மூன்று தரம் தட்டுவது. யாரோ சொல்லிக் கேட்ட ஞாபகம், மூன்று மூன்றாக எழுப்புகிற சத்தம் உதவி கேட்கிற அடையாளம் என்று. ஆறு மணிக்குப் பிறகு இருட்டு ஒரேயடியாக இறங்கியது. நான் தட்டிக்கொண்டே இருந்தேன். ஏழு மணிக்குக் கொஞ்சம் முன்னால் ஒரு டோர்ச் வெளிச்சம் தெரிந்தது. கையில் கத்தியோடு தோட்டத்துப் பெரியவர் ஒருவர். மாட்டுக்குப் புல் அறுத்துக்கொண்டு லயத்துக்கு (தோட்டத் தொழிலாளர்களின் வரிசை வீடுகளுக்கு) போனவர், சாயங்காலமே சத்தத்தைக் கேட்டு முதலில் யாரோ கம்பி அடிக்கிறார்கள் என்று நினைத்தாராம், இருட்டியும் நிற்காததால் திரும்பி வந்திருக்கிறார். "என்னாம்மா, தனியாவா வந்தீங்க? கூட வந்தவங்க எங்க?" என்று கேட்டார். எனக்குப் பதில் சொல்ல வரவில்லை.

அவர் தன் சுவெட்டரைக் கழற்றி எனக்குப் போட்டுவிட்டு, லயத்துக்குப் போய் நாலு பொடியன்களோடு வந்தார். பிளாஸ்டிக் கதிரை ஒன்றில் இரண்டு கம்பு கட்டி, என்னை அதில் இருத்தித் தூக்கிக்கொண்டு இறங்கினார்கள். அந்தச் சேற்றில், இருட்டில், ஒன்றரை மணித்தியாலம். அவருடைய மனைவி வெந்நீரும் இஞ்சி போட்ட பிளேன்டீயும் தந்து, தன்னுடைய சேலையை எடுத்துத் தந்து உடுப்பை மாற்றவைத்தார். பொடியன் ஒருவன் 1990க்கு அடித்தான். சுவசெரிய அம்புலன்ஸ் தோட்டத்துப் பக்டரி வரைக்கும் வந்தது, ஒரு சதமும் கேட்கவில்லை. இந்த நம்பரை மனப்பாடம் செய்யுங்கள். அரச வைத்தியசாலையில் எக்ஸ்ரே எடுத்து, கணுக்காலின் வெளி எலும்பில் வெடிப்பு என்று சொல்லி பிளாஸ்டர் போட்டார்கள்.

இனி குழுவின் பக்கம் நடந்தது. ஐந்தேகாலுக்கு வேன்கள் புறப்பட்டிருக்கின்றன. என் பை இரண்டாவது வேனில் இருந்தது. இரண்டாவது வேனில் இருந்தவர்கள் நான் முதலாவதில் ஏறிவிட்டேன் என்று நினைத்தார்கள், முதலாவதில் இருந்தவர்களுக்கு நான் என்று ஓர் ஆள் இருப்பதே தெரியாது. கிதுல்கலையில் தேத்தண்ணி குடிக்க நிறுத்தியபோது பக்கத்து ஸீற்றில் வந்த பிள்ளை என் பையைக் கண்டு கேட்டிருக்கிறாள். அப்போதும் ஒரு வேன்கூடத் திரும்பவில்லை. ஒன்பது மணிக்கு ஏற்பாட்டாளர் அம்மாவுக்குப் போன் எடுத்து, "உங்கட மகள் வீட்டுக்கு வந்திட்டாவா?" என்று கேட்டிருக்கிறார். அம்மா அந்த ஒரு கேள்வியில் தரையில் உட்கார்ந்துவிட்டார். நான் லயத்தில் போனைச் சார்ஜ் போட்டு அம்மாவோடு கதைத்தது ஒன்பதேகாலுக்கு. அந்தப் பதினைந்து நிமிடத்துக்காக நான் இன்னும் அவர்களை மன்னிக்கவில்லை. பிறகு கேட்டபோது, சொந்தப் பொறுப்பில் வருவதாக நான் கையெழுத்து வைத்த படிவத்தின் படத்தை அனுப்பினார்கள். அடுத்த நாள் வட்ஸ்அப் குழுவிலிருந்து என்னை நீக்கிவிட்டார்கள்.

காசுக் கணக்கையும் சொல்கிறேன், ஏனென்றால் 6,500 ரூபாய்ப் பயணம் என்றுதான் நானும் தொடங்கினேன். மறுநாள், பிளாஸ்டர் போட்ட காலை நீட்டிப் படுத்துக்கொண்டு கொழும்புக்கு வரப் பிடித்த வேன் 35,000. இங்கே தனியார் வைத்தியர், மறுபடி எக்ஸ்ரே படங்கள் எல்லாம் 27,000. ஊன்றுகோல் 5,500. போன் திரை 24,000. இரண்டு கிழமை லீவு முடிந்து பிளாஸ்டரோடு நாலு கிழமை காரில் வேலைக்குப் போய் வந்தது 28,000. பயிற்சிச் சிகிச்சை எட்டு நாள், 24,000. எல்லாம் சேர்த்து ஒன்றரை இலட்சம். அந்தப் பெரியவருக்கும் பொடியன்களுக்கும் கொடுக்கப் போனபோது அவர்கள் வாங்கவில்லை.

டிசம்பரில் பிளாஸ்டர் கழற்றி, சுதந்திர சதுக்கத்தில் மெல்ல நடக்கப் பழகினேன். இனி மலைப் பக்கமே போவதில்லை என்றுதான் இருந்தேன். பெப்ரவரியில் அலுவலகத்தில் ஒரு ஐயா, பல வருடமாக ஒரு சின்ன ஹைக்கிங் கழகத்தில் இருப்பவர், என் கதையைக் கேட்டுவிட்டு ஒன்று கேட்டார்: "கடைசியில நடந்தது யார்?" யாருமில்லை என்றேன். அவர் தலையை ஆட்டினார். அவர்களுடைய வழக்கம் இதுதான். முன்னுக்கு ஒருவர், கடைசியில் ஒருவர், கடைசி ஆளைத் தாண்டி யாரும் பின்னால் நிற்க முடியாது. பாதை பிரிகிற ஒவ்வொரு இடத்திலும் எல்லோரும் வந்து சேரும்வரை முன்னால் போனவர் நிற்பார், தலை எண்ணுவார்கள். பன்னிரண்டு பதினைந்து பேருக்கு மேல் சேர்க்க மாட்டார்கள். இதைக் கேட்டபோது எனக்கு அழுகை வந்தது, இவ்வளவு சின்ன வேலையா என்று. நீங்கள் எந்தக் குழுவுக்குக் காசு அனுப்புவதாக இருந்தாலும் முதலில் கடைசியில் யார் நடப்பார், எத்தனை மணிக்கு எங்கே நின்றாலும் திரும்புவீர்கள், வேனில் ஏறும்போது யார் பெயர் கூப்பிடுவார் என்று கேளுங்கள். மழை எச்சரிக்கை இருந்தால் நாளை மாற்றுவீர்களா என்றும் கேளுங்கள். வளிமண்டலவியல் திணைக்களத்தின் முன்னறிவிப்பையும், தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் விடுகிற மண்சரிவு எச்சரிக்கையையும் முதல்நாள் இரவு நீங்களே பார்க்கலாம். கேள்வி கேட்டதற்கு முகம் சுளிக்கிற குழுவோடு போகவே வேண்டாம்.

அந்தக் கழகம் நடக்கப் போவதோடு நிற்பதில்லை, இரண்டு மூன்று மாதத்துக்கு ஒருமுறை ஒரு பாதையைத் திருத்தவும் போவார்கள். மார்ச்சில் எங்கே போகலாம் என்று கேட்டபோது நான் அந்த மலையைச் சொன்னேன். தோட்ட நிர்வாகத்திடம் எழுத்தில் அனுமதி வாங்கினார்கள். இதுவும் முக்கியம், தோட்டக் காணியோ வனத் திணைக்களக் காணியோ, கேட்காமல் ஒரு கிளைகூட வெட்டக் கூடாது. மம்பட்டி, அலவாங்கு, கத்தி, கையுறை எல்லாம் எடுத்துக்கொண்டு பதினாலு பேர் போனோம். பெரியவரையும் கூப்பிட்டேன். அவர் நாற்பது வருடம் தேயிலை மலையில் கான், அதாவது தண்ணீர் ஓடுகிற வாய்க்கால், வெட்டினவர்.

நான் விழுந்த இடத்துக்கு அவர்தான் முதலில் கூட்டிக்கொண்டு போனார். வெயிலில் பார்த்தபோது எனக்கு அதிர்ச்சி. நான் பாதை என்று நம்பி இறங்கியது ஒரு குறுக்குவழி. சரியான பாதை சரிவைச் சுற்றி வளைந்து வளைந்து இறங்குகிறது. அவசரக்காரர்கள் வளைவை வெட்டி நேராக இறங்கி இறங்கிப் புல் செத்துப்போய், மழைத் தண்ணீர் அந்த வழியே ஓடி, மண்ணை அரித்து, அது ஒரு பள்ளமாகிவிட்டது. ஆட்கள் அதில் நடக்க நடக்கச் சரியான பாதை புல் மூடிவிட்டது. பிறகு வருகிற என்னை மாதிரி ஆளுக்கு எது பாதை என்று தெரியவே தெரியாது. பெரியவர் சொன்னார்: "மனுசன் நேரா எறங்குனா தண்ணியும் நேராத்தான் எறங்கும். தண்ணியத் திருப்பி விட்டாத்தான் பாதை நிக்கும்."

நான் இதுவரை பாதை திருத்துவது என்றால் புல் வெட்டுவதும் குப்பை பொறுக்குவதும் என்றுதான் நினைத்திருந்தேன். தண்ணீர்தான் முக்கால்வாசி வேலை. பாதைக்குக் குறுக்கே சாய்வாகக் கான் வெட்டி, தண்ணீரைப் பக்கத்துப் புல்லுக்குள் வெளியேற்ற வேண்டும். சாய்வு குறைந்தால் மண் அடைத்துவிடும், கூடினால் கானே அரித்துக்கொண்டு போய்விடும். பெரியவர் கண்ணாலேயே அளந்து கம்பு குத்திக் காட்டினார், எங்களில் ஒருவர் கொண்டுவந்த சாய்வு அளக்கிற கருவியை யாரும் பையில் இருந்து எடுக்கவே இல்லை. கானின் கீழ்ப்பக்கத்தில் கற்களைத் தட்டையாக, ஆடாமல் பதித்தோம். ஒரு கல்லை மிதித்துப் பார்த்து ஆடினால் கழற்றி மறுபடி வைக்க வேண்டும், அந்த ஒரு கல்லுக்கு எனக்கு இருபது நிமிடம் போனது. பிறகு குறுக்குவழியின் வாயைக் கவ்வாத்து செய்த தேயிலை மிலாறு (வெட்டிப்போட்ட கிளைகள்) போட்டு அடைத்தோம், உள்ளே நடக்கவும் முடியாது, மண்ணும் மெல்லப் பிடித்துக்கொள்ளும். சரியான பாதையில் புல்லை இரண்டு பக்கமும் வெட்டித் திறந்துவிட்டோம், வேரோடு பிடுங்கவில்லை, வேர்தான் சரிவைப் பிடித்து வைத்திருக்கிறது. பைன் மரத்தடிப் பாறையில் மஞ்சள் அம்புக்குறி ஒன்று. பிளாஸ்டிக் ரிப்பன் கட்டுவதில்லை, அது கிழிந்து குப்பையாகிவிடும். பாறைப் பக்கம் குளவிக்கூடு ஒன்று இருப்பதைப் பெரியவர் காட்டி, அந்த இடத்தில் சத்தம் போடாமல் போகச் சொன்னார். கொழுந்து பறிக்கிறவர்கள் குளவி கொட்டிப் படுகிற பாட்டை அவரிடம் கேட்டால் தெரியும்.

பத்து மணித்தியாலம் பதினாலு பேர் வேலை செய்து நாங்கள் திருத்தியது கிட்டத்தட்ட நூற்றைம்பது மீற்றர். கண்டியிலிருந்து நுவரெலியா வரைக்கும் 22 பகுதிகளாக, பழைய தோட்டப் பாதைகளைச் சேர்த்து 300 கிலோமீற்றருக்கு நடக்கிற பெகோ பாதையைப் பற்றிக் கேள்விப்பட்டிருப்பீர்கள். அப்படி நீளமான ஒரு பாதையை நடக்கிற நிலையில் வைத்திருக்க எவ்வளவு கை வேண்டும் என்று அன்றைக்குத்தான் நினைத்துப் பார்த்தேன்.

இப்போது என் பையில் எப்போதும் இருப்பவை: 300 ரூபாய் விசில், தலையில் மாட்டுகிற லைட், மடித்தால் உள்ளங்கைக்குள் அடங்கும் வெள்ளிநிறப் போர்வை, கணுக்கால் கட்டுகிற பட்டி, பொலித்தீனில் சுற்றிய ஒரு காய்ந்த மேல்சட்டை, பவர்பேங்க். போனை மலை ஏறும்போது விமான நிலையில் போட்டுவிடுவேன், சிக்னல் தேடியே பற்றரி செத்துப்போகும். அழைப்பு போகாத இடத்திலும் சில நேரம் எஸ்எம்எஸ் போய்விடும், அதையும் முயற்சி செய்யுங்கள். வரைபடத்தைக் கொழும்பில் வைத்தே இறக்கி வைத்துக்கொள்கிறேன். வீட்டு ஃபிரிட்ஜில் ஒரு தாள் ஒட்டிவிட்டுத்தான் போவேன்: தோட்டத்தின் பெயர், தலைவரின் நம்பர், வேன் நம்பர், இத்தனை மணிக்குள் நான் கதைக்காவிட்டால் யாருக்கு அடிக்க வேண்டும். அம்மா அதை இரண்டு தரம் வாசித்துவிட்டுத்தான் கதவைத் திறந்து விடுகிறார்.

ஏப்ரல் மழை இரண்டு கிழமை அடித்து ஓய்ந்த பிறகு ஒரு பின்னேரம் பெரியவர் போன் எடுத்தார். "புள்ள, மலைக்குப் போய்ப் பாத்தேன். கான் நிக்குது. மூணாவது வளைவுல மட்டும் மண்ணு அடைச்சிருக்கு, ஒரு கல்லு சரிஞ்சிருக்கு. அடுத்த வாட்டி வரும்போது மம்பட்டி ரெண்டு கூடக் கொண்டாங்க" என்றார். சரிந்த கல் எது என்று கேட்டேன். நான் இருபது நிமிடம் செலவழித்த அதே கல். வெசாக் லீவுக்குப் பிறகு வருகிற ஞாயிறு போகிறோம், பதின்மூன்று பேர், கடைசியில் நடப்பது நான்.